வைத்தியர்களைக் கணக்கெடுப்பது ஏன்?

(பொதுக்கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் அநேகருக்குப் புதிதாகத் தோன்றலாம். டாக்டர்கள், நர்சுகள், பல் வைத்தியர்கள், மருந்து கலந்து கொடுப்பவர்கள் ஆகியவர்களுக்கு லைசென்சு கொடுக்கும்போது, "நீர் எந்த இனத்தைச் சேர்ந்தவர்? ஆணா, பெண்ணா? வயது என்ன? என்னென்ன பாஷை பேசுவீர்? எந்த ஊரில் இருந்து வைத்தியம் செய்கிறீர்?" என்றெல்லாம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாமா, கூடாதா என்பதே அந்த விஷயமாகும். "இதென்ன பிரமாதம்? ஏதோ ஆபீசில் ஒரு பாரத்தைப் பூர்த்தி செய்கிற காரியந்தானே" என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கேள்வியினால் நன்மையடைந்த ஜனங்களும் உலகத்தில் உண்டு. இதே கேள்வியினால் தொழிலை இழந்து, தேசத்தை இழந்து, கடைசியில் உயிரையும் இழந்த ஜனங்களும் உண்டு. ஆகையால் இதைச் சற்று நிதானமாகவே ஆராய வேண்டும்.

நாம் சொல்லுவதை நாம் சொன்னோம் என்பதற்காக நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. எடுத்துச் சொல்லும் கணக்குகளை உங்கள் புத்தியில் போட்டு நிறுத்துப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடலாம்.

முதலில், இது நடக்கிற இடத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் வைத்தியத் தொழிலுக்கு லைசென்சு கொடுக்கும் அதிகாரம் மத்திய சர்க்காருக்கு இல்லை, மாகாணங்களுக்கே உண்டு. டாக்டர்களுக்கு ஒரு போர்டு, நர்சுகளுக்கு ஒரு போர்டு, பல் வைத்தியர்களுக்கு ஒரு போர்டு என்று ஒவ்வொரு மாகாணத்திலும் தனித்தனியாக இருக்கின்றன. எவ்வளவு பெரிய பட்டம் பெற்றவரானாலும் அந்தப் போர்டின் லைசென்சு இல்லாமல் ஒரு நோயாளியின் நாடியைக்கூடப் பிடிக்க முடியாது. வாங்கின லைசென்சும் ஆயுள் முழுவதும் செல்லாது. கலிபோர்னியா மாகாணத்தில் டாக்டர்கள் 2 வருஷத்துக்கு ஒரு முறை பணம் கட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 2021-ஆம் வருஷத்தில் அம்மாகாணத்துச் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. அதன்படி, புதுப்பிக்க வருகிறவர்களிடம் அவர்களுடைய இனம், பேசும் பாஷை, தொழில் செய்யும் இடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, எப்போது ஓய்வு பெறப் போகிறார் என்பன போன்ற விபரங்களை வைத்தியத் தொழிற் போர்டுகள் கேட்க வேண்டும்.

லைசென்சு சமயத்தில் ஏன் கேட்க வேண்டும் என்றால், அதுதான் அத்தனை பேரும் வந்து தீரவேண்டிய வாசலாகும். அறுவடை நெல்லைக் களத்து மேட்டிலேயே மரக்காலால் அளந்துவிட்டால் கணக்கு முடிந்தது. அங்கே விட்டுவிட்டு, பிறகு வீடு வீடாகப் போய்க் குதிருக்குள் கைவிட்டுப் பார்த்தால் கணக்கும் வராது, வீட்டுக்காரனும் விடமாட்டான். லைசென்சு புதுப்பிக்கிற இடம் வைத்தியத் தொழிலுக்குக் களத்து மேடு. தபாலில் கேள்விக் கடுதாசி அனுப்பினால் பத்தில் இரண்டு பேர் பதில் எழுதுவார்களோ என்னவோ! லைசென்சு மேஜைக்கு எல்லோரும் வருவார்கள்.

வட கரோலினா மாகாணத்தில் இந்த வேலை 1979 முதல் விடாமல் நடந்து வருகிறது. போர்டுகளிடம் உள்ள விபரங்களை அந்த மாகாணத்துப் பல்கலைக்கழகம் வாங்கி, அங்குள்ள 100 ஜில்லாக்களில் எந்த ஜில்லாவில் எத்தனை டாக்டர், எத்தனை நர்சு, அவர்கள் வயதென்ன, இனமென்ன என்று வருஷா வருஷம் கணக்குப் போடுகிறது. இதனால் என்ன பிரயோஜனம்? ஒரு ஜில்லாவில் 10 டாக்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ரிஜிஸ்தரைப் பார்த்தால் 10 பேர். கேட்டுப் பார்த்தால் அவர்களில் 2 பேர் தொழிலையே விட்டுவிட்டவர்கள். 2 பேர் வேறு ஊரில் வேலை செய்கிறவர்கள். 3 பேர் 65 வயதைத் தாண்டினவர்கள். ஆக, 10 டாக்டர்கள் என்று காகிதத்தில் சொல்லப்பட்ட ஜில்லாவில் நாளைக்கு மிஞ்சப்போவது 3 டாக்டர்களே. கேட்காமலிருந்தால், அந்த ஊர் ஜனங்கள் ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரிக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துத்தான் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள நேரிடும்.

இது வரையில் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். வயதையும் ஊரையும் கேட்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? "இனம் என்ன, ஜாதி என்ன?" என்று கேட்கும்போதுதான் சண்டை வருகிறது. ஆகையால் அதற்கே வருவோம்.

கலிபோர்னியாவில் 2020-ஆம் வருஷத்து ஜனக் கணக்குப்படி, மெக்சிகோ முதலிய தென்பக்கத்துத் தேசங்களின் வழிவந்த லத்தீனோ மக்கள் 1½ கோடிப் பேருக்கு மேல். அதாவது 100-க்கு 39 பேர். ஆனால் அந்த மாகாணத்து டாக்டர்களிலோ அவர்கள் 100-க்கு 6, 7 பேர் என்கிற அளவிலேயே இருந்து வந்திருக்கிறார்கள். அவர்களில் ஏராளமானவர்கள் வீட்டில் ஸ்பானிஷ் பாஷை பேசுகிறவர்கள். பழத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிற ஒரு தாய் வயிற்று வலியென்று ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். டாக்டருக்கு அவள் பாஷை தெரியாது; அவளுக்கு டாக்டர் பாஷை தெரியாது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்த 10 வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி, தாய் தன் ரகசிய வியாதியை மகனிடம் சொல்லி, மகன் அதைத் தனக்குத் தெரிந்த மட்டில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இது வைத்தியமா, தண்டனையா? உங்கள் வீட்டுப் பெண்களை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

பாஷை ஒன்றாயிருந்தாலும் நம்பிக்கை வேண்டாமா? அதே கலிபோர்னியாவில் ஓக்லண்டு என்னும் பட்டணத்தில் ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். சுமார் 1,300 கறுப்பு ஆடவர்களைச் சிலரைக் கறுப்பு டாக்டரிடமும் சிலரை மற்ற டாக்டரிடமும், சீட்டுப்போட்டு எடுத்ததுபோல் பிரித்து அனுப்பினார்கள். ரத்தத்தைச் சோதிப்பது, சர்க்கரை பார்ப்பது முதலிய முன்ஜாக்கிரதைச் சோதனைகளைச் செய்துகொள்ளும்படி எல்லா டாக்டர்களும் சொல்ல வேண்டும். முடிவு என்ன? தம் இனத்து டாக்டரிடம் பேசினவர்களே அதிகமாக இசைந்தார்கள். ஊசி குத்த வேண்டிய சோதனைகளில்தான் வித்தியாசம் அதிகம். இருதய வியாதியால் சாவதில் கறுப்பு ஆடவருக்கும் வெள்ளை ஆடவருக்கும் உள்ள இடைவெளியில் 100-க்கு 19 பங்கை இதனால் குறைக்கலாம் என்று அந்த ஆராய்ச்சிக்காரர்கள் மதிப்பிட்டார்கள். ஆகவே, டாக்டர்கள் எந்தக் கூட்டத்திலிருந்து வருகிறார்கள் என்பது வெறும் உத்தியோகச் சண்டையல்ல. அது பொது ஜனங்களின் உயிரைப் பொறுத்த காரியமாகும்.

இனி, ஆட்சேபணைகளைக் கவனிப்போம்.

"வியாதிக்கு ஜாதி உண்டா? மருந்துக்கு ஜாதி உண்டா? டாக்டருக்கு மட்டும் என்ன ஜாதி வேண்டிக் கிடக்கிறது?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். கேட்பதற்கு மிக அழகாகத்தான் இருக்கிறது. வியாதிக்கு ஜாதி இல்லை என்பது உண்மை. ஆனால் வைத்தியக் கலாசாலையின் வாசலுக்கு ஜாதி இருந்ததா, இல்லையா? அதைச் சொல்லாமல் மருந்தைப் பற்றிப் பேசினால் என்ன நியாயம்? வாசலில் நின்று ஆள் பார்த்து உள்ளே விட்டுவிட்டு, உள்ளே போனபிறகு "இங்கே எல்லோரும் சமம், யாரும் எண்ணிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லுவது, பந்தியில் முந்தி உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தவன் "சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது அநாகரிகம்" என்று சொல்லுவதை ஒக்கும்.

"தகுதியுள்ளவன் வருகிறான், இல்லாதவன் வரவில்லை" என்பது அடுத்த ஆட்சேபணை. அந்தத் தகுதியின் கதையைக் கேளுங்கள். 1910-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஏபிரகாம் பிளெக்ஸ்னர் என்பவர் எல்லா வைத்தியக் கலாசாலைகளையும் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார். மட்டமான கலாசாலைகள் பல அதனால் ஒழிந்தன, அது நல்லதே. ஆனால் கறுப்பு மக்களுக்கென்று அப்போது இருந்த 7 கலாசாலைகளில் 5 மூடப்பட்டு, ஹாவர்டு, மெஹாரி என்ற 2 மட்டுமே மிஞ்சின. அந்தக் காலத்தில் வெள்ளையர் கலாசாலைகளில் கறுப்பர்களைச் சேர்ப்பது மிக அபூர்வம். அப்படியானால் கறுப்புப் பையன் எங்கே போய்த் தகுதி பெறுவது? மூடப்பட்ட அந்த 5 கலாசாலைகளும் நடந்து வந்திருந்தால் 2019-க்குள் இன்னும் 35,315 டாக்டர்கள் படித்து வெளிவந்திருக்கக் கூடும் என்று 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. 35,000 பேரை உள்ளே விடாமல் தடுத்துவிட்டு, "உங்களில் தகுதியானவர்கள் குறைவாயிருக்கிறார்களே!" என்று அனுதாபப்படுவதை என்னவென்று சொல்லுவது?

"அதெல்லாம் பழங்கதை, இப்போது தானாகவே சரியாகிவிட்டது" என்பார்கள். அதற்கும் கணக்கே பதில் சொல்லுகிறது. 1978-இல் அமெரிக்க வைத்தியக் கலாசாலைகளில் புதிதாகச் சேர்ந்த கறுப்பு ஆண் பிள்ளைகள் 542 பேர். 36 வருஷம் கழித்து 2014-இல் சேர்ந்தவர்கள் 515 பேர். தேசத்தின் ஜனத்தொகை பெருகிற்று. கலாசாலைகளில் இடங்கள் பெருகின. இவர்கள் மட்டும் குறைந்தார்கள். இந்த எண்களை யாரும் எடுத்து எழுதாமலிருந்தால், "நாளுக்கு நாள் எல்லாம் முன்னேறிக்கொண்டு வருகிறது" என்று எல்லோரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

மூன்றாவது ஆட்சேபணை, "கேட்பதனால்தான் பேதம் வளருகிறது, கேட்காமல் விட்டுவிட்டால் தானே மறைந்துபோகும்" என்பது. இதை யோக்கியமாகவே நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு லண்டன் பட்டணத்தில் நடந்த சங்கதியைச் சொல்லுகிறோம். அங்கே செயிண்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியின் வைத்தியக் கலாசாலையில் 1980-க்கு அடுத்த வருஷங்களில், விண்ணப்பங்களை முதலில் பொறுக்கி எடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் யந்திரம் செய்து வந்தது. விண்ணப்பத்தில் இனம் என்ன என்று கேட்கவே இல்லை. ஆனாலும் அந்த யந்திரம் பெயரையும் பிறந்த இடத்தையும் கொண்டு யார் ஐரோப்பியர், யார் அல்லாதவர் என்று பிரித்து, அல்லாதவர்களுக்கு மார்க்கைக் குறைத்துக்கொண்டிருந்தது. பெண்களுக்கும் குறைத்தது. வருஷத்துக்கு 60 பேர் வரையில் இப்படி நேரில் பார்க்கப்படாமலே தள்ளப்பட்டிருக்கலாம் என்று, இன சமத்துவத்துக்காக ஏற்பட்டிருந்த கமிஷன் 1988-இல் வெளிப்படுத்தியது. யந்திரம் இதைத் தானாகக் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு முன்னால் மனிதர்கள் எப்படிப் பொறுக்கி வந்தார்களோ அதையே பார்த்துச் செய்தது.

இதிலிருந்து ஏற்படுவது என்ன? பேதம் பாராட்ட நினைக்கிறவனுக்குக் கணக்குப் புஸ்தகம் தேவையில்லை. பெயரைக் கேட்டாலே அவனுக்குப் போதும்; ஊரைக் கேட்டால் போதும்; தகப்பன் தொழிலைக் கேட்டால் போதும். நம் ஊரில் ஒரு புது மனிதனைப் பார்த்ததும் வளைத்து வளைத்து நாலு கேள்வி கேட்டு அவன் ஜாதியைக் கண்டுபிடிக்கிற சாமர்த்தியத்தை நீங்கள் அறியாதவர்களா? கணக்கு இல்லாவிட்டால் திண்டாடுகிறவன் பேதம் பாராட்டுகிறவன் அல்ல. அந்தப் பேதத்தை ருஜுப்படுத்த வேண்டியவன்தான் திண்டாடுகிறான்.

தோழர்களே! இவ்வளவும் ஒரு பக்கம். மறு பக்கத்தில் ஒரு பெரிய அபாயமும் இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் நாமும் பித்தலாட்டக்காரர்களாகி விடுவோம்.

அமெரிக்க வைத்திய சங்கம் 1906 முதல் அந்தத் தேசத்து டாக்டர்கள் எல்லோருடைய பெயரையும் ஒரு பெரிய புஸ்தகமாக அச்சிட்டு வந்தது. அதில் கறுப்பு டாக்டருடைய பெயர் வரும் இடத்திலெல்லாம், 'நிறத்தவர்' என்று பொருள்படும் இங்கிலீஷ் வார்த்தையின் முதல் 3 எழுத்துக்களைப் பக்கத்தில் போட்டுவிடுவார்கள். இதுவும் இனக் கணக்குத்தானே என்று கேட்கலாம். இதனால் அந்த டாக்டர்களுக்கு என்ன கிடைத்தது? புஸ்தகத்தைப் புரட்டினவர்கள் அந்த 3 எழுத்தைப் பார்த்ததும் அவருக்குக் கடன் கொடுக்கவோ, இன்ஷ்யூரன்ஸ் கொடுக்கவோ, நோயாளியை அனுப்பவோ தயங்கினார்கள். பல மாகாணங்களில் அச்சங்கத்தின் கிளைகள் கறுப்பு டாக்டர்களை அங்கத்தினராகவே சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பு டாக்டர்கள் 1895-லேயே தங்களுக்கென்று தனிச் சங்கம் ஏற்படுத்திக்கொண்டு, இந்த அடையாளத்தை எடுக்கும்படி போராடினார்கள். 30 வருஷத்துக்கு மேல் கழிந்த பிறகே, 1939 வாக்கில் அந்த 3 எழுத்து நீங்கிற்று. இவற்றுக்கெல்லாம் 2008-ஆம் வருஷத்தில் அமெரிக்க வைத்திய சங்கம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

இதைவிடக் கொடுமை ஜெர்மனியில் நடந்தது. 1933-இல் ஹிட்லர் கூட்டம் அதிகாரத்துக்கு வந்ததும் யூத டாக்டர்களைத் தொழிலாளர் வைத்திய நிதிகளிலிருந்து வெளியேற்றத் தொடங்கினார்கள். 1937-ஆம் வருஷத்து வைத்தியர் பெயர்ப் பட்டியலில் யூதர் பெயருக்கு முன்னால் 2 புள்ளிகள் வைக்கப்பட்டன. வெறும் 2 புள்ளிகள்! 1938 ஜூலையில் ஓர் உத்தரவு போட்டு, அந்த வருஷம் செப்டம்பர் 30-ந் தேதியோடு யூத டாக்டர்களுடைய லைசென்சுகள் எல்லாம் செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள். அப்போது மிஞ்சியிருந்தவர்கள் 3,000 பேருக்கு மேல். அவர்களில் சுமார் 700 பேருக்கு மட்டும், டாக்டர் என்ற பெயரில்லாமல், யூதர்களை மாத்திரம் பார்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு கொடுத்தார்கள். பிறகு யூதர்களுக்கு நடந்தது உலகம் அறிந்தது. ஆகையால், "லைசென்சு ஆபீசில் இனத்தைக் கேட்கிறார்களாம்" என்றதும் ஒரு யூதனுக்கோ, ஒரு கறுப்பனுக்கோ உடம்பு நடுங்கினால் அதைப் பரிகாசம் செய்ய நமக்கு உரிமையில்லை. பிரான்சு தேசத்தில் 1978-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இன விபரங்களைச் சேர்ப்பதைப் பொதுவாகத் தடுத்து வைத்திருப்பதற்கும் இப்படிப்பட்ட பயம் ஒரு காரணம்.

அப்படியானால் கேட்பதா, விடுவதா? இங்கேதான் நாம் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். மாட்டுக்குச் சூடு போடுவதும் ஓர் அடையாளந்தான்; நெல்லை மரக்காலால் அளப்பதும் ஒரு கணக்குத்தான். இரண்டும் ஒன்றாகிவிடுமா? சூடு மாட்டின் உடம்பில் இருக்கிறது. எங்கே போனாலும் கூடவே போகிறது. மாட்டுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை, பிடித்து வைத்திருப்பவனுக்கே லாபம். அளவோ அப்படியல்ல. எந்த நெல்மணி எந்த மரக்காலில் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. மொத்தம் எவ்வளவு என்பது களத்தில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். அமெரிக்க வைத்திய சங்கம் செய்ததும் ஜெர்மனி செய்ததும் சூடு போட்ட காரியம். பெயருக்குப் பக்கத்தில் அடையாளம். மொத்தக் கணக்கோ யாருக்கும் இல்லை. நாம் வேண்டுவது பெயர் இல்லாத மொத்தக் கணக்கு. அது மறைவில் இருக்கக்கூடாது. பொது ஜனங்களின் முன்னால் இருக்க வேண்டும்.

ஆகையால், இப்படிப்பட்ட கணக்குக்குச் சில நிபந்தனைகள் அவசியமாகும்.

முதலாவது, பதில் சொல்லுவது அவரவர் இஷ்டமாக இருக்க வேண்டும். சொல்லாததற்காக லைசென்சை நிறுத்தக் கூடாது. கலிபோர்னியாச் சட்டத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. விபரம் கொடுக்காதவருக்கும் லைசென்சு புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்காக அவர்மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது.

இரண்டாவது, லைசென்சு கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கிற ஆசாமியின் கைக்கு இந்த விபரம் போகக்கூடாது. கணக்குப் போடுகிறவன் வேறு, தீர்ப்புச் சொல்லுகிறவன் வேறு என்று இருக்க வேண்டும்.

மூன்றாவது, வெளியிடும்போது தனி மனிதனைக் கண்டுபிடிக்க முடியாதபடி மொத்தமாகவே வெளியிட வேண்டும். ஒரு கிராமத்தில் ஒரே ஒரு கறுப்பு நர்சு இருந்தால், "இந்தக் கிராமத்தில் 1" என்று அச்சிடுவது அவள் பெயரை அச்சிடுவதற்குச் சமானம்.

நான்காவது, கட்டாயம் வெளியிட வேண்டும். சர்க்கார் பீரோவில் பூட்டி வைத்த கணக்கு அதிகாரிக்கு மட்டும் ஆயுதம், ஜனங்களுக்கு ஒன்றுமில்லை.

இஷ்டமென்று விட்டால் பலர் பதில் சொல்ல மாட்டார்களே என்றால், அது உண்மைதான். அமெரிக்க வைத்தியக் கலாசாலைகளின் சங்கம் 2018-ஆம் வருஷத்துக்கு எடுத்த கணக்கில், தொழில் செய்கிற டாக்டர்களில் கறுப்பர் 100-க்கு 5 பேர் என்று வந்தது. ஜனத்தொகையிலோ அவர்கள் 100-க்கு சுமார் 13 பேர். ஆனால் அதே கணக்கில் இனம் தெரியாதவர்கள் என்று 100-க்கு 13 பேருக்கு மேல் இருந்தார்கள்! தெரியாதவர்கள் கூட்டம் தெரிந்த கூட்டத்தைவிடப் பெரிதாயிருந்தால் கணக்கு எப்படி உறுதிப்படும்? இதற்கு மருந்து கட்டாயமல்ல; நம்பிக்கைதான். மேற்சொன்ன நிபந்தனைகளை உண்மையாக நடத்திக் காட்டினால் ஜனங்கள் தாமாகவே சொல்லுவார்கள்.

கணக்கு யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1858-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட ஜெனரல் மெடிக்கல் கவுன்சில்தான் அங்கே டாக்டர்களைப் பதிவு செய்கிறது. குற்றம் வந்தால் விசாரிப்பதும் அதுவே. டாக்டர்களின் இன விபரத்தையும் தன்னிடம் வந்த புகார்களையும் சேர்த்துப் பார்த்தபோது, ஆஸ்பத்திரி எஜமானர்கள் வெள்ளையரல்லாத டாக்டர்கள்மீது புகார் அனுப்புவது, வெள்ளை டாக்டர்கள்மீது அனுப்புவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருப்பது தெரிந்தது. வெளிநாட்டில் படித்து வந்தவர்கள்மீது 2½ மடங்கு. நம் தமிழ்நாட்டிலிருந்து போய் அங்கே இரவு பகலாக உழைத்து வருகிற டாக்டர்களும் இந்தக் கணக்குக்குள் அடங்கினவர்களே. இதற்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்து 2019-இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. புதிதாக வந்தவர்களுக்குச் சரியானபடி வழி காட்டாமையும், தவறு நேர்ந்தால் நேரில் சொல்லித் திருத்தாமல் நேரே புகாருக்கு அனுப்புவதும், உள் கூட்டம் வெளிக் கூட்டம் என்று பிரித்து நடத்துவதும் காரணங்கள் என்று அதில் கண்டார்கள். 2021-இல் அந்தக் கவுன்சில், இந்த வித்தியாசத்தை 2026-க்குள் இல்லாமற் செய்வது என்று இலக்கு வைத்துக்கொண்டது. பார்த்தீர்களா? கணக்கு இல்லாத காலத்தில் "அந்த டாக்டர்கள் தப்பு அதிகம் செய்கிறார்கள்" என்று டாக்டர்களே குற்றவாளிகளாக நின்றார்கள். கணக்கு வந்ததும் புகார் அனுப்பினவர்களே பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆனால் கணக்கு எடுத்துவிட்டால் மாத்திரம் காரியம் ஆகிவிடாது. 2010-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் செய்த பெரிய வைத்தியச் சட்டத்தில், தேசத்துக்கு எத்தனை டாக்டர், எத்தனை நர்சு, எங்கெங்கே வேண்டும் என்று ஆராய 15 பேர் கொண்ட ஒரு கமிஷன் ஏற்படுத்தினார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் 15 பேரையும் நியமித்தார்கள். ஆனால் பார்லிமெண்டு அதற்கு ஒரு காசுகூட ஒதுக்கவில்லை. கமிஷன் ஒரு நாள்கூடக் கூடவில்லை. வண்டியும் உண்டு, மாடும் உண்டு, நுகத்தடி கொடுக்க மாட்டோம் என்றால் வண்டி எங்கே போகும்? இம்மாதிரி காரியங்களை நேராக எதிர்க்க வெட்கப்படுகிறவர்கள் பணம் கொடுக்காமல் பட்டினி போட்டுக் கொன்றுவிடுவார்கள் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது.

நம் நாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். எண்ணிக் காட்டுவதன் பலத்தை நம் மாகாணம் வெகு காலத்துக்கு முன்னமே அறியும். 1916 டிசம்பரில் சர். பி. தியாகராயச் செட்டியார் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் அறிக்கையில் வசை ஒன்றும் பிரதானமாக இல்லை, எண்களே பிரதானம். சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவரே 1913-இல் கமிஷன் முன் கொடுத்த சாட்சியத்திலிருந்து எடுத்த எண்கள் அவை. 1892 முதல் 1904 வரையில் மாகாண சிவில் சர்வீஸ் பரீட்சையில் தேறின 16 பேரில் 15 பேர் பார்ப்பனர். உதவி இஞ்சினீயர் 21 பேரில் 17 பேர். டிப்டி கலெக்டர் 140 பேரில் 77 பேர். ஜில்லா முன்சீப் 128 பேரில் 93 பேர். அதற்கு முன்னால் ஜனங்கள் வாய்விட்டுச் சொன்னபோதெல்லாம் "பொறாமை, துவேஷம்" என்று தள்ளிவிட்டவர்களுக்கு, இந்த எண்களைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்லி நழுவ முடியவில்லை. எண்ணில்லாத முறையீடு புலம்பல் என்றாகிறது. எண்ணோடு வந்த முறையீடு வழக்கு என்றாகிறது.

டாக்டர்களைப் பதிவு செய்ய இந்த மாகாணத்தில் 1914-லேயே சட்டம் ஏற்பட்டது. 2024-இல் இந்தியா முழுவதற்கும் தேசீய வைத்தியப் பதிவேடு ஒன்று துவக்கப்பட்டது. ஆகவே வாசலும் இருக்கிறது, மேஜையும் இருக்கிறது, ரிஜிஸ்தரும் இருக்கிறது. மற்றபடி வேண்டியது என்ன? கிராமத்திலிருந்து வந்து டாக்டரானவர்கள் எத்தனை பேர், தாழ்த்தப்பட்ட மக்களிலிருந்து எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், அவர்கள் பட்டணத்தில் எத்தனை, தாலூகாவில் எத்தனை என்று பெயரில்லாத மொத்தக் கணக்காக வருஷா வருஷம் ஜனங்களுக்குத் தெரியும்படி வெளியிட வேண்டும். கலாசாலையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது மட்டும் போதாது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், முடித்தவர்களில் எத்தனை பேர் தொழிலில் நிற்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்பதே முக்கியம்.

ஆகையால் தோழர்களே! உங்கள் பிள்ளைகளில் யாராவது டாக்டராகவோ நர்சாகவோ பதிவு செய்யப்போய், அங்கே இப்படிப்பட்ட விபரம் கேட்கப்பட்டால், "இதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறதே" என்று ஒளிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவன் பிறந்தவன் அல்ல. பிறப்பைக் கொண்டு வாசலை அடைத்தவனே. அதே சமயத்தில், "இந்த விபரம் யார் கைக்குப் போகிறது? என் பெயரோடு போகிறதா, பெயரில்லாமல் போகிறதா? மொத்தக் கணக்கை எப்போது வெளியிடுவீர்கள்?" என்று 3 கேள்விகளைத் திருப்பிக் கேட்கவும் சொல்லிக் கொடுங்கள். பதில் திருப்தியாயிருந்தால் எழுதட்டும்; இல்லாவிட்டால் எழுத மறுக்கட்டும். கேட்கிறவனுக்கு உரிமை இருப்பதுபோல் சொல்லுகிறவனுக்கும் உரிமை உண்டு.

ஒரு காலம் வரும். அப்போது எந்தக் குப்பத்துக் குழந்தையும் எந்தத் தடையுமின்றி டாக்டராகும். அன்று இந்தக் கேள்வியைப் பாரத்திலிருந்து அடித்துவிடலாம். முதலில் பேனாவை எடுத்துக் கொடுப்பது நாமாகவே இருப்போம். அந்தக் காலம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளுவதற்கும் கணக்கைத் தவிர வேறு வழி கிடையாது. ஆதலால் எண்ணிப் பார்ப்பதற்கு அஞ்சாதீர்கள். எண்ணினவன் கையில் அது சூட்டுக்கோலாக மாறாதபடி விழிப்பாகவும் இருங்கள்.